கடைசிப் பெஞ்சிலே இருட்டு!

"உன் மண்டையிலே இருப்பது மூளையல்ல, களிமண்!"

நான் படித்த பள்ளிக்கூடத்திலே ஆசிரியர் ஒருவர் எனக்குச் சூட்டிய பட்டம் அது. கரும்பலகையிலே 3 என்று எழுதுவார். நான் 8 என்று எழுதிவைப்பேன். பிரம்பு பேசும். பெஞ்சின் மீது ஏறி நிற்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓராண்டு முழுவதும் களிமண்ணாகவே இருந்தேன்.

அடுத்த ஆண்டு வேறொரு ஆசிரியர் வந்தார். வந்த மூன்றாம் நாள், கடைசிப் பெஞ்சிலே என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அமர்ந்து கரும்பலகையைப் பார்த்தார். பலகைக்கு அருகே இருந்த சன்னல் வழியாக வந்த வெயில், எண்ணெய் வண்ணம் பூசிய அந்தப் பலகையிலே பட்டுக் கண்ணாடி போலப் பளபளத்தது. எழுத்து இருக்கிறது என்று தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. மறுநாளே பலகை எதிர்ச் சுவருக்குப் போயிற்று. 3 எனக்கு 3 ஆகவே தெரிந்தது. கணக்கிலே தேறினேன்.

களிமண் எங்கே போயிற்று தோழர்களே? என் மண்டையிலே இருந்திருந்தால் அது அங்கேயே அல்லவா இருந்திருக்கும்! அது இருந்தது அறையிலே. அடி விழுந்தது என் முதுகிலே!

ஆலையிலே உழைக்கும் தோழர்களைக் கேட்கிறேன்: தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று சட்டம் எழுதியது தெரியுமா? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 17ஆம் பிரிவு. ஆள் வேலை செய்கிற இடத்திலே மட்டுமல்ல, நடந்துபோகிற இடத்திலேயும் போதிய வெளிச்சம் இருக்கவேண்டும் என்றது. சன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வைக்கவேண்டும் என்றது. கண் கூசக்கூடாது, கண்ணை வருத்தும் நிழல் விழக்கூடாது என்றது. 11ஆம் பிரிவோ, வெள்ளையடித்த சுவருக்கு 14 மாதத்துக்கு ஒரு முறையாவது மீண்டும் வெள்ளையடி என்றது.

அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. இருட்டிலே விரல் இழந்தவனின் குரல் அதிலே இருக்கிறது.

சரி, அந்தத் தொழிலாளியின் பிள்ளை படிக்கிற அறைக்கு? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு ஒரு பட்டியல் போட்டது. ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறை என்றது, கழிப்பறை என்றது, குடிநீர் என்றது, சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் என்றது. நல்ல பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அறைக்குள்ளே எவ்வளவு வெளிச்சம் என்று அந்தப் பட்டியலிலே ஒரு வரி இல்லை! கட்டட விதிநூல்களிலே அளவுகள் உண்டு. விதிநூல் அலமாரியிலே இருக்கிறது. பிள்ளையோ இருட்டிலே இருக்கிறது.

"வெளிச்சம் இருந்தால் படிப்பு வந்துவிடுமா?" என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். கேள்விக்கு அஞ்சுபவர்களா நாம்?

1999ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், கேபிஸ்ட்ரானோ பகுதிப் பள்ளிகள். பகல் வெளிச்சம் மிகுதியாக உள்ள அறைகளிலே படித்தவர்கள், மிகக் குறைவாக உள்ள அறைகளிலே படித்தவர்களைவிட ஓராண்டிலே கணக்கில் 20 விழுக்காடும் வாசிப்பில் 26 விழுக்காடும் விரைவாக முன்னேறினார்கள் என்று ஆய்வு கூறிற்று. இத்தோடு நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மை பேசியவனாவேன். 2003இலே அதே மாநிலத்தின் ஃப்ரெஸ்னோ பகுதியிலே மீண்டும் ஆராய்ந்தார்கள். பகல் வெளிச்சத்துக்கு அதே பலன் அங்கே கிடைக்கவில்லை. கண் கூசவைக்கும் சன்னல் படிப்பைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. ஆக, வெளிச்சம் என்றால் வெறும் வெயிலல்ல. தேவையான அளவு, தேவையான திசையிலிருந்து!

2015இலே இங்கிலாந்திலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. 27 பள்ளிகள், 153 வகுப்பறைகள், 3,766 பிள்ளைகள். வெளிச்சம், காற்று, வெப்பம், நிறம், இருக்கை எல்லாவற்றையும் அளந்தார்கள். ஓராண்டிலே பிள்ளைக்குப் பிள்ளை முன்னேற்றத்திலே காணும் வேறுபாட்டில் 16 விழுக்காட்டுக்கு அறையே காரணம் என்றார்கள். ஆசிரியர் முக்கியம், பாடநூல் முக்கியம், பசியாத வயிறு முக்கியம். அறையும் முக்கியம் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி நம் ஊர் அறைக்குள்ளே நுழைந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சன்னல். அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் பயன்படும்படி உள்ளே வரும். 14 அடி, தாராளமாகச் சொன்னால் பதினேழரை அடி. அறையின் அகலம் 20 அடி என்றால் எதிர்ச்சுவர் ஓரத்துப் பிள்ளை என்ன செய்வான்? அங்கே ஒரு குழல் விளக்கு இருக்கும். அதன் கீழே மின்விசிறி சுற்றும். இறக்கையின் நிழல் நோட்டுப் புத்தகத்தின்மேல் படபடவென்று வெட்டும். அந்தப் பக்கத்தைத்தான் அவன் படிக்கவேண்டும்! விளக்கைச் சற்றுக் கீழே இறக்கினால், விசிறியிடமிருந்து தள்ளி மாட்டினால் தீர்ந்துபோகும் தொல்லை. செலவு? நான்கு முழம் கம்பி, ஒரு மணி நேர வேலை.

இன்னொன்று. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வரவேண்டும். வலப்பக்கமிருந்து வந்தால் எழுதுகிற கையின் நிழல் எழுத்தின்மேலேயே விழும். ஐரோப்பாவிலே 19ஆம் நூற்றாண்டிலேயே பேசிய பாடம் இது. இடக்கைப் பிள்ளைக்கு இதற்கு நேர்மாறு.

2025 ஜூலையிலே, தமிழ்நாட்டுப் பள்ளிகளிலே 'ப' வடிவில் இருக்கை போடலாம் என்ற பேச்சு எழுந்தது. கடைசிப் பெஞ்சு என்ற ஒன்றே இராது என்ற எண்ணம் இனிப்பானது. கடைசிப் பெஞ்சுக்காரனாகிய நான் அதை வெறுப்பேனா? கழுத்து வலிக்கும், பலகை சாய்வாகத் தெரியும் என்று எதிர்ப்பும் எழுந்தது. நான் சொல்வது மூன்றாவது செய்தி. 'ப'வின் ஒரு கை சன்னலைப் பார்த்து உட்காரும், கண் கூசும். மறு கை சன்னலுக்கு முதுகு காட்டும். தன் நிழல் தன் நோட்டிலேயே விழும். பெஞ்சை நகர்த்துமுன் வெளிச்சம் வரும் வழியைப் பாருங்கள்!

"சன்னலைத் திறந்தால் அனல் அடிக்குமே!" என்பீர்கள். உண்மை. இது லண்டன் அல்ல. அதனால்தான் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கவேண்டும்; கிழக்கு, மேற்குச் சுவர்களிலே சன்னல் குறையவேண்டும்; மேலே வெயில் தடுக்கும் தளம், வெளியே தாழ்வாரம், தள்ளி ஒரு வேப்பமரம். நம் பாட்டன் திண்ணை கட்டிய அறிவுதான் இது! சுவருக்கு வெள்ளை நிறம் பூசினால் விழுகிற ஒளியிலே பெரும்பகுதியை அது திருப்பித் தரும். கரும்பச்சை பூசினால் விழுங்கிவிடும்.

அறையின் அமைப்பு என்றால் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறேன். கும்பகோணம். 2004 ஜூலை 16. சமையற்கூடத்திலே பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. இறங்கி ஓடக் குறுகலான மாடிப்படி. 94 பிள்ளைகள்! காலையிலே தலை வாரி அனுப்பிய தாய், மாலையிலே அடையாளம் தேடி அலைந்தாள். அதன் பிறகுதான் பள்ளிகளிலே கீற்றுக் கூரைகள் இறங்கின. கூரையும் படிக்கட்டும் என்னவென்று 94 பிணங்களைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டோம். வெளிச்சத்தின் பாடத்துக்குப் பிணம் விழாது. ஆகையால்தான் யாரும் கற்கவில்லை. மாண்டவனைக் கணக்கெடுக்கலாம், மக்கு என்ற பட்டத்தோடு படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போனவனை எந்தக் கணக்கிலே எழுதுவது?

தோழர்களே! வரும் வாரம் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் போங்கள். தலைமை ஆசிரியரை வணங்கி அனுமதி கேளுங்கள். கடைசிப் பெஞ்சிலே, மூலையிலே, ஐந்து நிமிடம் உட்காருங்கள். பலகை தெரிகிறதா? நோட்டிலே நிழல் ஆடுகிறதா? சன்னலை அடைத்து ஓர் அலமாரி நிற்கிறதா? எரியாத விளக்கு எத்தனை? எண்ணி எழுதுங்கள். எழுதியதைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலே வையுங்கள். அதிலே பெற்றோருக்கு இடமுண்டு. அலமாரியை நகர்த்தவும், கண்ணாடியைத் துடைக்கவும், சுவருக்கு வெள்ளையடிக்கவும் உங்கள் கைகளே போதும். வெள்ளையடிக்கத் தெரியாத தொழிலாளியா நீங்கள்? புதுச் சன்னலுக்கும் புது விளக்குக்கும் மனு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.

பிள்ளையை "மக்கு" என்று சொல்லுமுன், அவன் உட்காரும் இடத்திலே ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். களிமண் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும்!