கழிப்பறைக் கோப்பையை எங்கே நகர்த்துவது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய தனி வீடுகள் பலவற்றில் கழிப்பறை நாலடிக்கு ஐந்தடிக்குள் அடங்கிவிடும். தரை நடுவே இந்தியன் கோப்பை. பெரியவர்களுக்கு மூட்டுவலி வந்ததும் அதைப் பெயர்த்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கிறார்கள். அதற்கு முதுகுப்பக்கம் சுவர் வேண்டும் என்பதால் கோப்பை இடம் மாறியே தீர வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, டைல்ஸ் எப்படி அமைகிறது என்று பார்த்து இடம் குறிப்பது வழக்கமாகிவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது குழாயின் வாட்டம். அதைப் பார்த்தால் இத்தகைய வீடுகளில் கோப்பைக்கு உகந்த இடம் பெரும்பாலும் வெளிச்சுவர் ஓரம்தான்.

கழிவை வெளியேற்றுவது புவியீர்ப்பு மட்டுமே. நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது நல்ல வாட்டம். கோப்பை வெளிச்சுவரிலிருந்து நாலடி உள்ளே தள்ளிப்போனால் குழாய் ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இறங்க வேண்டும். அற்பமாகத் தோன்றும் இந்த அளவுக்குத்தான் இடம் கிடைப்பதில்லை. மாடியில் கழிப்பறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தின் பள்ளம் சுமார் ஓரடி. குழாய், வளைவு, நிரப்பு, டைல்ஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தரைத்தளத்தில், பாதாளச் சாக்கடை வராத தெருவென்றால், செப்டிக் டேங்கின் வாய் மட்டம் கட்டிய அன்றே முடிவாகிவிட்டது; அதற்குக் கீழே குழாய் இறங்க வழியில்லை. தண்ணீரும் முன்போல இல்லை. பழைய தொட்டி பத்து லிட்டர் அளவுக்குக் கொட்டியது; இப்போதைய இரட்டைப் பொத்தான் தொட்டி தருவது மூன்று அல்லது ஆறு லிட்டர். இன்னொன்று, வளைகுழாயில் தேங்கி நாற்றத்தை மறிக்கும் இரண்டங்குலத் தண்ணீர். அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை பெற்ற இந்த எளிய ஏற்பாட்டை இன்றும் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் காற்றுக்குழாய் இல்லாமல் கிடைக்குழாயை நீட்டினால், பாய்ந்தோடும் கழிவு அந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகக்கூடும்.

வெஸ்டர்ன் கோப்பையில் இரண்டு வகை உண்டு. எஸ் ட்ராப்பின் வாய் தரைக்குள் இறங்கும். பி ட்ராப்பின் வாய் தரையிலிருந்து ஏழங்குல உயரத்தில் நேரே பின்சுவருக்குள் போகும். வெளிச்சுவர் ஓரம் பி ட்ராப் வைத்தால் தளத்தை உடைக்க வேண்டாம். சுவரில் ஒரு துளை போதும். அங்கிருந்து சந்துப்பக்கம் வேண்டிய வாட்டத்தில் சேம்பர் வரை குழாய் போகலாம். வெளியே குழாய் தெரிவது அழகில்லை என்பார்கள். கசிந்தால் அன்றே கண்ணில் படும் என்பதால் அதையே நான் விரும்புவேன். தரைக்குள் கசிந்தால் கீழ்வீட்டுக் கூரை ஊறிய பிறகே தெரியும். தரையை உயர்த்தி வாட்டம் தேடலாம் என்பது இன்னொரு யோசனை. மூட்டுவலிக்காரருக்காகச் செய்யும் வேலையில் புதிதாக ஒரு படி வைப்பது நியாயமில்லை. கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டாரும் கிடைக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும்.

வெளிச்சுவரே இல்லாத அடுக்குமாடி வீட்டில் குழாய்கள் இறங்கும் டக்ட் பக்கத்துச் சுவரைப் பிடிப்பதே வழி. அதுவும் அமையாவிட்டால் கோப்பையைப் பழைய இடத்துக்குக் கூடுமானவரை அருகிலேயே வைக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிடலாம் என்று சொல்லி வாட்டத்தில் விட்டுக்கொடுப்பவர்கள், வருகிற ஆளும் மனிதர் என்பதை நினைக்க வேண்டும். பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வீட்டுக் குழாயில் கைவிட்டு அள்ளும் நிலையும் யாருக்கும் வரக் கூடாது. குழாய் திரும்பும் இடமெல்லாம் கழற்றக்கூடிய மூடியுள்ள வளைவைப் போடச் சொல்லுங்கள். நீளக் கம்பியோ தண்ணீர்ப் பீச்சோ உள்ளே போக அந்தத் திறப்பு போதும்.