எலுமிச்சைச் செடியின் ஓசையற்ற எதிரி

மும்பையில் பலருக்குத் தோட்டம் என்பது நான்கு தொட்டிகள்தாம். செம்பூரின் மொட்டைமாடியிலும், மாட்டுங்காவின் பால்கனியிலும், தாராவியின் சன்னல் ஓரத்திலும் நம்மவர் ஆசையுடன் வளர்ப்பவற்றுள் எலுமிச்சையும் ஒன்று. அதன் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கினால், நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் நீர் ஊற்றுகிறோம். ஆனால் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சி தண்டோடு தண்டாக ஒட்டியிருக்கக்கூடும்.

முதிர்ந்த பெண் பூச்சி பெரும்பாலும் இடம்பெயராது; பார்வைக்கு மரப்பட்டையின் மரு போலவே தோன்றும். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மேலோடு மட்டும் தனியே பெயர்ந்தால் அது கடினச் செதில் வகை. ஓடும் உடலும் ஒன்றாக வந்தால் மென்செதில் வகை. மென்செதில் பூச்சிகள் இனிப்பான கழிவைச் சுரக்கின்றன. அதனால் இலைகள் பிசுபிசுக்கும், அவற்றின்மேல் கரும்பூசணம் படரும், எறும்புகள் மொய்க்கும். இனிப்பை நாடும் எறும்புகள், பூச்சிகளைத் தின்னவரும் பொறிவண்டுகளை விரட்டிவிடும்.

பொறிவண்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியது கலிபோர்னியா. ஆஸ்திரேலியாவிலிருந்து அங்குப் பரவிய பஞ்சுச் செதில் பூச்சி, ஆரஞ்சுத் தோப்புகளை அழிவின் விளிம்பில் நிறுத்தியது. 1888ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா சென்ற ஆல்பர்ட் கோபெல், அப்பூச்சியையே உணவாகக் கொள்ளும் வெடாலியா என்னும் பொறிவண்டை அனுப்பிவைத்தார். மிளகினும் சிறிய அவ்வண்டுகள் ஈராண்டுக்குள் தோப்புகளை மீட்டன. 1920களில் நீலகிரியின் வாட்டில் மரங்களில் அதே பூச்சி தோன்றியபோது, நம் நாட்டிலும் அதே வண்டு வரவழைக்கப்பட்டது.

எனவே மருந்து தெளிக்குமுன், செடியில் பொறிவண்டு உள்ளதா எனப் பாருங்கள். கடும் பூச்சிக்கொல்லி நண்பனையும் சேர்த்தே கொல்லும். மிகுதியாகத் தாக்குண்ட கிளைகளை வெட்டி, உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்கலாம். பிறகு, 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து, 1 லிட்டர் நீரில் சேருங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகவில்லை என்று உறுதிசெய்தபின், மாலை வேளையில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். முதிர்ந்த பூச்சியை ஓடு காக்கும். ஊர்ந்து திரியும் இளம்பூச்சிகளே எளிதில் மடியும். ஆதலால் 10 நாள் இடைவெளியில் இருமுறையேனும் மீண்டும் தெளிக்கவேண்டும். மழைக்காலத்தில், மழை ஓய்ந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எறும்பைத் தடுக்கத் தொட்டியை நீர்த்தட்டில் வைத்தால் கொசு பெருகும். அதற்கு மாறாக, தண்டைச் சுற்றிக் காகிதப் பட்டையொட்டி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். கிளைகள் சுவரையும் கம்பியையும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எறும்புக்கு அவையே பாலமாகும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், பூச்சி பெருகுமுன்பே கண்டுகொள்ளலாம்.