கடலின் பெயர் பூண்ட குருதிநோய்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசாதார் இலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அதனை நாடி வந்தனர். பிரித்தானியக் கடற்படை 1957 ஆம் ஆண்டுவரை அங்கே தளம் அமைத்திருந்தது. ஆயின், இவ்வல்லரசுகளின் பீரங்கிகளுக்கு அஞ்சாத பகையொன்றும் அப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தது. அதுவே நுளம்பு பரப்பிய மலேரியாக் காய்ச்சல். கொட்டியாரக் குடாவை அடுத்த ஊர்களிலும், கந்தளாய், தம்பலகாமம் முதலிய வயலூர்களிலும் அக்காய்ச்சலை அறியாத குடும்பம் அரிது.

அப்பகை இன்று ஒழிந்தது. 2012 ஆம் ஆண்டின் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. காய்ச்சல் போயிற்று, ஆனால், அது நம் குருதியில் விட்டுச்சென்ற சுவடு போகவில்லை. அச்சுவடே தலசீமியா என்னும் பரம்பரை நோய். கிரேக்க மொழியில் ‘தலசா’ என்பது கடலைக் குறிக்கும். மத்தியதரைக் கடலோர மக்களிடையே முதலிற் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் வழங்கலாயிற்று. நோய் அக்கடலோரத்துக்கு மட்டும் உரியதன்று.

கலத்தினுள் நிகழ்வது யாது?

நமது செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்வது. அதனுள் நிறைந்துள்ள ஈமோகுளோபின் என்னும் புரதமே பிராணவாயுவைச் சுமந்து செல்கின்றது. ஓர் ஈமோகுளோபின் மூலக்கூறில் அல்பாச் சங்கிலிகள் இரண்டும் பீற்றாச் சங்கிலிகள் இரண்டும் உள. பீற்றாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரையலகு பதினோராம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக அதனை இரட்டையாகப் பெறுகின்றோம்.

இவ்விரண்டில் ஒன்று மட்டும் பழுதாயின், அவர் நோயாளர் அல்லர், ‘காவி’ எனப்படுவார். அவர் உழைப்பார், மணம் புரிவார், முதுமையும் காண்பார். இரண்டும் பழுதாயின், துணையற்ற அல்பாச் சங்கிலிகள் திரண்டு படிந்து, கலங்களை என்பு மச்சையிலேயே அழித்துவிடுகின்றன.

இத்தகைய பழுது இவ்வளவு மக்களிடம் நிலைத்ததன் காரணம் யாது? காவிகளைக் கடும் மலேரியா எளிதிற் கொல்வதில்லை என்பதே. இக்கருத்தை 1949 இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர் வெளியிட்டார். பிற்கால ஆய்வுகள் அதற்கு அரண் செய்தன. முன்னோரைக் காத்த கேடயமே இன்று சில குழந்தைகளுக்குக் கொடுவாளாகின்றது.

குழந்தை படும் பாடு

பிறக்கும்போது குழந்தை நலமாகவே இருக்கும். கருக்கால ஈமோகுளோபின் அதனைக் காக்கும். சில மாதங்கள் சென்றபின் முகம் வெளிறும். பால் குடிக்க மனமிராது. மண்ணீரல் பெருத்து வயிறு பருக்கும். கடும் நோயாயின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் குருதி ஏற்றவேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பை குருதியிலும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. அது வெளியேற வழியின்றி இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதனை நீக்க, இரவு முழுதும் தோலின்கீழ் மருந்து செலுத்துவதுண்டு. வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் இன்று உள. நம் நாட்டில் இந்நோய்க்கெனக் குருநாகலில் தேசிய நிலையமொன்று இயங்கி வருகின்றது.

பழி யாருக்கு?

காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. காவியாதற்கு நான்கில் இரண்டு. பழுதேயின்றிப் பிறத்தற்கு நான்கில் ஒன்று. “முதற் பிள்ளை நோயுற்றது, இனி மூன்றும் தப்பும்” என்று கருதுவது தவறு. ஒவ்வொரு கருவிலும் கணக்குப் புதிதாகவே தொடங்கும். மற்றவர் ‘ஈமோகுளோபின் ஈ’ என்னும் வேறொரு பழுதைக் காவுபவராயினும் நோய் பிறக்கக்கூடும். நம் நாட்டு நோயாளரிற் பலர் அவ்வகையினரே.

குழந்தை நோயுற்றால், “மருமகள் கொண்டுவந்த வினை” என்று கூறும் மாமியார் இன்னும் உளர். இது அறியாமை. தந்தையும் தாயும் ஆளுக்கொரு பழுதைச் சமமாக அளித்தாலன்றி இந்நோய் தோன்றாது. இதில் குற்றவாளி எவருமிலர். மச்சான் மச்சாள் முறையில் மணம் கொள்ளும் குடும்பங்களில், ஒரே பாட்டனாரின் பழுது இருவரிடமும் வந்து சேரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

தாதியின் பொறுப்பு

தாதித் தொழில் பயிலும் மாணவியர் மூன்றினை மறவாதிருப்பாராக. முதலாவது, வெளிறிய முகமெல்லாம் இரும்புக் குறைவன்று. இரும்பு மாத்திரை உண்டும் சோகை தீராதவருக்குச் செங்கலம் சிறுத்திருப்பின், ஈமோகுளோபின் பரிசோதனை தேவையாவென வைத்தியரிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, காவியை நோயாளியென அழைத்தலாகாது. மூன்றாவது, பரிசோதனையின் முடிவு அவருக்கே உரியது. தாதி வாய்தவறிச் சொன்ன ஒரு சொல், ஊர்முழுதும் பரவி ஒரு பெண்ணின் மணத்தையே குலைத்துவிடும்.

சைப்பிரசுத் தீவும் நம்மைப்போல் மலேரியாவால் வாடிய தீவே. அங்கு 1970 களில் தொடங்கிய பரிசோதனையாலும் அறிவுரையாலும் கருக்காலச் சோதனையாலும் நோயுற்ற பிறப்புகள் மிக அருகிவிட்டன. மணத்திற்கு முன் நாளும் கோளும் சாதகமும் பார்க்கின்றோம். அதனோடு ஒரு சிறு குழாய்க் குருதியையும் பார்த்தால் என்ன? ஒருவர் மட்டும் காவியாயின் கவலைக்கு இடமில்லை. இருவரும் காவிகளாயின், வைத்தியரின் ஆலோசனையோடு தமது வழியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். மணமானோரும் கருத்தரிக்குமுன் இதனை அறிந்துகொள்ளலாம்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதம் இப்பழுதுக்கு இல்லை. அதனைத் தடுக்கும் அறிவும் எல்லா வீடுகளுக்கும் பொதுவாகுக.