கிட்னிக்குச் சேர்த்து வைக்கிறீங்களா? முதல் பில் ஹார்ட்டுக்கு வரலாம்!

திண்டுக்கல்ல என் ஆபீஸுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்றவங்க, கூடவே ஒரு கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் நீட்டுறது இப்ப சகஜமாகிடுச்சு. “சார், அப்பாவுக்கு டயாலிசிஸ் வந்தா எவ்வளவு ஆகும்? ஒரு எஃப்.டி. போட்டுடவா?” இதுதான் கேள்வி. கேள்வி தப்பில்ல. ஆனா பலருக்கு டயாலிசிஸுக்கு முன்னாடியே அடி விழுற இடம் இதயம்.

கணக்கு என்ன சொல்லுது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 11 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் எண் இ.ஜி.எஃப்.ஆர். அது 60-க்கு மேல் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், 45–59 உள்ளவர்களுக்கு இதய பாதிப்பு 1.4 மடங்கு, 30–44-ல் 2 மடங்கு, 15–29-ல் 2.8 மடங்கு.

ஏன் இப்படி? கிட்னி உப்பையும் தண்ணியையும் சரியா வெளியேத்தலைன்னா பிபி ஏறும். இதயச் சுவர் தடிக்கும். பாஸ்பேட் தங்கினா ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியும். ரத்தசோகை வந்தா இதயம் கூடுதலா உழைக்கணும். பொட்டாசியம் ஏறினா துடிப்பே தாறுமாறாகலாம்.

இப்ப பணத்துக்கு வருவோம்

1. பாலிசி: கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியில் கிட்னிக்குப் பணம் வருவது பொதுவா தொடர் டயாலிசிஸோ மாற்று அறுவை சிகிச்சையோ நடந்த பிறகுதான். பைபாஸுக்குக் கொடுக்கும் பல பாலிசிகள் ஸ்டென்ட்டுக்குக் கொடுக்காது. அதனால சாதாரண மருத்துவக் காப்பீடுதான் அடித்தளம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 வருஷம். கிரியாட்டினின் கூடியிருக்கறதை மறைக்காதீங்க; நாளைக்கு ஹார்ட் க்ளெய்மிலும் அது சிக்கலாகும்.

2. வரி: 2025-26 நிதியாண்டுக்குப் பழைய வரி முறையில் இருந்தா, 80டிடிபி பிரிவில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை கழிவு உண்டு. நெஃப்ராலஜிஸ்ட் அல்லது யூராலஜிஸ்ட் எழுதிய சீட்டு வேணும். இன்ஷூரன்ஸில் வாங்கின தொகையைக் கழிச்சுக்கணும். கவனிங்க: அந்த நோய்ப் பட்டியல்ல இதய நோய் இல்ல! காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 80டி-யில் 50,000 வரை காட்டலாம். ரொக்கமா கட்டினது செல்லாது.

3. அரசுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். டயாலிசிஸும் இதய சிகிச்சைகளும் அதில் உண்டு. கார்டை இப்பவே வாங்கி வைங்க. மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல போகும்போது வருமானச் சான்றுக்கு அலைய முடியாது.

4. மாசச் செலவு: கிட்னி, இதயம் ரெண்டுக்கும் உதவுற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிஞ்சது, சுமார் 60 ரூபாய் மாத்திரை, பல கம்பெனிகள்ல 10 ரூபாய்க்கும் கீழே வந்துடுச்சு. பிபி, சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு.

தடுப்புக்குப் பெரிய பணம் வேணும்னு இல்ல. டாக்டர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்கள்ல வீடு வீடா பிபியும் சிறுநீரும் பார்த்து, விலை மலிவான பழைய மருந்துகளாலேயே பிபி, சுகரைக் கட்டுப்படுத்திக் காட்டுச்சு.

நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. எந்த மாத்திரைன்னு அவர்தான் சொல்லணும். ஆனா அடுத்த விசிட்ல மூணு விஷயம் கேளுங்க: இ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு? சிறுநீர்ல அல்புமின் போகுதா? ஈசிஜி, எக்கோ, கொழுப்புப் பரிசோதனை தேவையா? பதிலை எழுதி வச்சுட்டு எஃப்.டி. போடுங்க. அந்த எஃப்.டி.யும் உடனே உடைக்கிற மாதிரி இருக்கட்டும். அஞ்சு வருஷம் லாக் ஆகிற டேக்ஸ் சேவர் வேண்டாம்.