நச்சுப் பட்டியலில் ஓர் இலை

கெத்தும் மரத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அகன்ற, பளபளப்பான இலை. உருண்டை உருண்டையாகப் பூ. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. முருகனுக்கு உகந்தது என்று நாம் கொண்டாடும் கடம்பும் அதே குடும்பம்தான். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்தால் உறவு தெரிந்துவிடும். கெடா, பெர்லிஸ், பினாங்குப் பக்கம் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள் இந்த இலையைத் தலைமுறை தலைமுறையாகக் கொதிக்கவைத்துக் குடித்து வந்தார்கள். கொஞ்சம் குடித்தால் காப்பி குடித்ததுபோல் சுறுசுறுப்பு வரும். கூடக் குடித்தால் வலி மறந்து, உடல் தளர்ந்து, மயக்கம் தட்டும். இப்போது அது முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகளில் கைமாறுகிறது. அதன் பெயரை நாம் பெரும்பாலும் படிப்பது போலீஸ் சோதனைச் செய்திகளில்தான்.

எங்கள் ஊர் புலாவ் செபாங். தம்பினுக்கு ஒட்டிய, மலாக்கா மாநிலத்தின் எல்லையூர். பள்ளியில் ஆண்டுதோறும் போதைப்பொருள் எதிர்ப்பு வாரம் வரும். சுவரில் ஒட்டும் அட்டையில் ஹெரோயின், கஞ்சா, சியாபு, கெத்தும் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே சிவப்பு எழுத்தில் இருக்கும். வேதியியல் படிக்கப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அந்த வரிசையை உற்றுப் பார்க்கத் தோன்றியது. மற்றவற்றுக்கும் இந்த இலைக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு இருந்ததால்தான் நம் நாட்டில் ஓர் ஆய்வே நடக்க முடிந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழங்கதை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லியைத் தோட்டப்புறப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பால்மரத்தைச் சாகவிடாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, மலாயாவில் ரப்பரைப் பரப்பியவர் அவர். நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறியதில் அவருக்கும் பங்குண்டு. அதே ரிட்லிதான் 1897இல், அபினை விட முடியாதவர்களுக்கு இந்த இலை மருந்தாவதைக் குறித்துவைத்தார். பேராக் அருங்காட்சியகத்தின் லியோனார்ட் ரே 1907இல் இதை அபினுக்கு மாற்று என்று எழுதினார். எடின்பரோவில் எல்லன் ஃபீல்டு என்ற பெண் வேதியியலாளர் 1921இல் இலையின் முக்கிய வேதிப்பொருளுக்கு மித்ராகைனின் என்று பெயர் வைத்தார். அப்போது அபின் விற்றுக் கஜானாவை நிரப்பிக்கொண்டிருந்தது காலனி அரசுதான் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்துத் தாய்லாந்து 1943இலேயே கெத்துமுக்குத் தடை போட்டது. மக்கள் வரி கட்டி வாங்கும் அபினை விட்டு மரத்து இலைக்கு மாறியதுதான் உண்மையான காரணம் என்று எழுதும் ஆய்வாளர்கள் உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இரண்டு சட்டங்கள். இரண்டுமே 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒன்று அபாயகரப் போதைப்பொருள் சட்டம். அதன் 39பி பிரிவை அறியாதவர் இல்லை. கடத்தலுக்கு 1983 முதல் கட்டாய மரண தண்டனை விதித்த பிரிவு அது. 15 கிராம் ஹெரோயின் அல்லது 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். மரண தண்டனை கட்டாயமில்லை, நீதிபதி முடிவு செய்யலாம் என்ற நிலை முழுமையாக வந்தது 2023 ஜூலை 4இல்தான். இன்னொன்று நச்சுப் பொருள் சட்டம். மருந்தகங்களையும் மருந்துகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது. 2003இல் மித்ராகைனின் இந்த இரண்டாவது சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. குற்றம் உறுதியானால் அதிகபட்சம் 10,000 வெள்ளி அபராதம், அல்லது நான்காண்டு சிறை, அல்லது இரண்டும். கடுமைதான். ஆனால் தூக்குக் கயிறு இல்லை. கெத்துமை முதல் சட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு 2015ஐ ஒட்டி வலுவாக எழுந்து, நடக்காமல் போனது.

இந்த இடைவெளியில்தான் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் வேலை செய்தது. அந்த மையத்தை வளர்த்தவர் பேராசிரியர் வி. நவரத்தினம். பின்னர் அதன் இயக்குநரானவர் பேராசிரியர் பி. விக்னசிங்கம். சுரேஷ் நாராயணன், டர்ஷன் சிங் ஆகியோரின் பெயர்களும் கெத்தும் கட்டுரைகளில் அடிக்கடி வரும். இந்த இலையைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும் பகுதி இங்கிருந்து போனது. நம் பெயர்கள் இத்தனை இருந்தும் நம் பிள்ளைகளுக்கு இவர்களைத் தெரியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

2010இல் வெளியான அவர்களுடைய ஆய்வு கெடா, பினாங்கு மாநிலங்களில் 136 பேரிடம் பேசியது. வேறு போதைப்பொருளை விடுவதற்காகவே கெத்தும் குடித்தவர்கள் அதில் பலர். மலிவு, எளிதில் கிடைக்கிறது, பெரிய பக்க விளைவு தெரியவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் கெத்தும் விற்பவர்களுக்கு நல்ல விளம்பரமாகியிருக்கும். நிறுத்தவில்லை. 2014இல் 293 பேரிடம் செய்த ஆய்வில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடித்தவர்களில் பாதிக்கும் அதிகமானோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தது தெரிந்தது. குடிக்காத நாளில் தசைப்பிடிப்பு, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எரிச்சல், துக்கம். அதையும் அதே மையம்தான் எழுதியது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். ஏற்கெனவே கெத்தும் குடித்துப் பழகிய 26 ஆண்கள். அவர்களுக்கு உண்மையான கெத்தும் நீரும், அதைப்போலவே தோன்றும் போலி நீரும் கொடுக்கப்பட்டன. எது எதுவென்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. பிறகு கையைப் பனிக்கட்டி நீரில் வைக்க வேண்டும். வலி தாங்காமல் எத்தனை நொடியில் எடுக்கிறார் என்பதுதான் கணக்கு. கெத்தும் குடிப்பதற்கு முன் சுமார் 11 நொடி, குடித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் சுமார் 25 நொடி. போலி நீருக்கு அப்படி எந்த உயர்வும் இல்லை. வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்ததை ஒரு வாளிப் பனிநீர் அளந்து காட்டியது.

26 என்பது சிறிய எண்தான். எல்லோரும் பழகியவர்கள், புதியவருக்குக் கொடுத்துப் பார்ப்பது முறையாகாது. ஆகவே இது மருந்து என்று சொல்ல இந்த ஒரு சோதனை போதாது. மார்பின் பிடித்துக்கொள்ளும் அதே நரம்பு ஏற்பியைத்தான் மித்ராகைனினும் பிடிக்கிறது. ஆனால் பகுதியளவே தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஹெரோயினை விடுபவர்களுக்கு நம் அரசே 2005 முதல் மெத்தடோன் கொடுத்துவருவதை நினைத்தால், இந்த 'பகுதியளவு' ஏன் ஆய்வாளர்களை இழுக்கிறது என்பது புரியும்.

இதே கேள்வியை எல்எஸ்டி பற்றியோ, போதைக் காளானில் உள்ள சிலோசைபின் பற்றியோ இங்கு ஒருவர் கேட்டால்? இரண்டுமே அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தமும் அவற்றை, மருத்துவப் பயன் மிகக் குறைவு என்று கருதப்படும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பயன் உண்டா என்று பார்க்க ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு அனுமதி கேட்டால் பயன் எங்கே என்பார்கள். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சிலோசைபின் கொடுக்க அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களுக்கு வழிவிட்டது. அங்கிருந்து வரும் ஆய்வுகளை நாம் இங்கே உட்கார்ந்து படிக்கிறோம். கெத்தும் விஷயத்தில் மட்டும் படம் தலைகீழ்: நாம் எழுதினோம், அவர்கள் படித்தார்கள். மித்ராகைனின் எந்த ஐ.நா. பட்டியலிலும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2021 அக்டோபரில் இதை ஆராய்ந்து, முழு மறுஆய்வுக்குப் போதிய சான்று இல்லை, கண்காணித்தால் போதும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாய்லாந்து தன் பழைய தடையையே எடுத்துவிட்டது.

தாய்லாந்தைப்போல் நாமும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருமல் மருந்தையும் கோலாவையும் கலந்து கெத்தும் குடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தென் தாய்லாந்தில் அந்தக் கலவைக்கு 'நான்கு பெருக்கல் நூறு' என்று தொடர் ஓட்டத்தின் பெயரே உண்டு. வயல்காரர் குடித்த கஷாயத்தின் ஆய்வு முடிவு அந்தக் கலவைக்குப் பொருந்தாது. நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஆய்வுக்குக் கிடைத்த இந்தக் கதவை மூடிவிடாதீர்கள். அதன் முடிவுகளை ஆங்கில இதழ்களிலேயே விட்டுவிடவும் வேண்டாம்.

இப்படி எழுதக் காரணம் என் தாய்மாமா. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். லோரி ஓட்டுநர். வடக்குக்கும் ஜோகூருக்கும் இரவில் ஓட்டியவர். தூக்கம் வராமலிருக்கத் தொடங்கி, பிறகு முதுகுவலிக்காக என்று ஆறேழு ஆண்டுகள் கெத்தும் குடித்தார். இப்போது விட நினைக்கிறார். மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். கிளினிக்குப் போகலாமே என்றால், "போயி என்னன்னு சொல்றது? நானே போயி என் மேல கேஸ் எழுதச் சொல்றதா?" என்கிறார். 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத் திருத்தம், அபாயகரப் போதைப்பொருள் என்ற வட்டத்தைத் தாண்டி வேறு பொருள்களுக்கு அடிமையானவர்களையும் கணக்கில் எடுக்கிறது. அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

போன விடுமுறையில் 2014 ஆய்வின் அறிகுறிப் பட்டியலை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். தசைப்பிடிப்பு என்றதும் தலையாட்டினார். கண்ணில் நீர் என்றதும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். எரிச்சல், துக்கம் என்று படித்தபோது ஒன்றும் பேசவில்லை. முடித்ததும், "இத்தன பேருக்கு இப்படியே இருந்துச்சா?" என்றார். ஆமாம் மாமா, 293 பேரிடம் கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப இத மலாய்ல எழுதிக் குடும்மா. டாக்டர்கிட்ட நான் வாயால சொல்ல மாட்டேன், தாள நீட்டிடுறேன்."