ஒட்டும் எலும்பு, ஒட்டக்கூடாத கிருமி

1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரேனமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. 1965-ல் அவர் செயற்கைப் பற்களைத் தாங்குவதற்காக ஒரு மனிதரின் தாடையில் பதித்த டைட்டானியத் திருகுகள், 40 ஆண்டுகளுக்கு மேல், அந்த மனிதர் இறக்கும்வரை உழைத்தன.

காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் படிகிறது. எலும்பு பற்றுவது இதைத்தான். பாக்டீரியாவும் இதில்தான் குடியேறுகிறது. சொந்தப் பல்லின் வேரில் நார்கள் ஊன்றி ஈற்றை இழுத்துக் கட்டியிருக்கும். திருகுக்கு அந்தக் கட்டு இல்லை, அதனால் கிருமி எளிதில் உள்ளே நுழையும். உமிழ்நீர்ப் புரதம் படிந்த இடத்தில் முதலில் ஸ்டிரெப்டோகாக்கஸ் ஒட்டும், அதன்மேல் மற்றவை சேரும். அந்தப் பிசுபிசுப்பான அடுக்குக்குள் இருக்கும் கிருமிகளை மருந்தால் எளிதில் கொல்ல முடியாது. அழற்சி முற்றினால் திருகைச் சுற்றிய எலும்பே கரைந்துபோகும்.

முந்தி வந்து இடம்பிடிப்பது உடலின் செல்லா, கிருமியா? அமெரிக்க மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா 1987-ல் இதை 'மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம்' என்றார். கிருமியெதிர்ப்புப் பூச்சுகளின் வேலை, இந்தப் பந்தயத்தில் செல்லை முந்தவைப்பது.

பூச்சில் சேர்க்கும் வெள்ளியின் அயனிகள் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கும். அளவு மிஞ்சினால் எலும்புச் செல்லையும் கொல்லும். பூசிய மருந்து முதல் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதும் உண்டு. அதனால் ஃபுளோரைடு கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, டைட்டானியத்தின் மேலேயே நுண்குழாய்களை வளர்த்து, அவற்றில் மருந்தை நிரப்பி மெல்லக் கசியவிடப் பார்க்கிறார்கள். தாடைக்குள் திருகும்போது உரசி உரிந்துவிடாத பூச்சாகவும் இருக்க வேண்டும்.

மருந்தே இல்லாத வழியைக் காட்டியது சில்வண்டு. அதன் இறக்கையில் நெருக்கமாக நிற்கும் நானோத் தூண்கள், மேலே அமரும் பாக்டீரியாவின் உறையைக் கிழித்தே கொல்வதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினர். காரக் கரைசலில் சூடாக்கி, டைட்டானியத்திலும் அப்படி ஊசிகளை முளைக்கவைக்கலாம். மிக அழகான யோசனை. ஆனால் சில்வண்டு இறக்கை வெல்வது மெல்லிய சுவருள்ள பாக்டீரியாக்களை. வாயில் முதலில் வந்து ஒட்டும் ஸ்டிரெப்டோகாக்கஸுக்கோ தடித்த சுவர். போதாததற்கு, ஊசிமுனையில் செத்த கிருமி அங்கேயே கிடந்தால், அடுத்து வருவதற்கு அதுவே மெத்தையாகிவிடும்.