பழைய கணிப்பொறி தானாக நிற்பது ஏன்? – ஒரு காரண ஆராய்ச்சி

நமது மும்பைத் தமிழர்களின் கடைகளிலும், சங்க அலுவலகங்களிலும், பத்துப் பதினைந்து ஆண்டு வயதான மேசைக் கணிப்பொறிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கடைக் கணக்கு அதில். உறுப்பினர் பட்டியல் அதில். என் போன்ற சிலருக்கு, ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்றிய பாடமும் அதிலேதான். அந்தப் பெட்டி ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் 'டக்'கென்று அணைந்துவிடுகிறது. கடையில் கேட்டால், "போர்டு போச்சு ஐயா, புதுசு வாங்கிடுங்க" என்று பதில் வரும். போர்டு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஐயத்தை நம்பிப் பணத்தை இறக்குவது வியாபாரிக்கு அழகல்ல.

காரணம் தேடுமுன் ஒரு வேலை உண்டு. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்து இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு பாதியில் கெடும். அடிக்கடி அறுந்தால் டிஸ்க்கே கெடும். கோப்பை மட்டும் எடுத்தால் போதாது, எழுத்துருவையும் சேர்த்து எடுக்க வேண்டும். 1999-ல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. அவற்றிலும் அதற்கு முந்திய தனித்தனி எழுத்துருக்களிலும் அடித்து வைத்ததெல்லாம், அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிக்கோடுக்கு மாற்றும்வரை எழுத்துருவும் பாடமும் பிரியக் கூடாது.

இனிக் காரணத்துக்கு வருவோம். சமண தருக்க நூலார், குறிப்பாக அகளங்கர் வழியினர், ஏதுவுக்கு ஒரே இலக்கணம் சொன்னார்கள்: அன்யதானுபபத்தி. அதாவது, இது இன்றி அது வேறெவ்வகையாலும் பொருந்தாது என்று இருந்தால்தான் அது ஏது. பௌத்தர் மூன்று இலக்கணம் சொன்னார்கள். இவர்கள் ஒன்று போதும் என்றார்கள். ரிப்பேர் வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. 'பெட்டி சூடாக இருக்கிறது, ஆகவே சூட்டால் நின்றது' என்பது ஏது ஆகாது. ஓடும் பெட்டி எதுவும் சூடாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை நேரே திருப்பி வைத்தபோது, அதே வேலைக்கு நிற்கவில்லை. ஃபேனை எடுத்ததும் நின்றது. இதுதான் ஏது.

முதல் சாட்சி கணிப்பொறியே. விண்டோஸ் 7 முதல் ஈவென்ட் வியூவர் என்ற குறிப்பேட்டில் 41 என்ற எண்ணும், 6008 என்ற எண்ணும் பதிந்திருந்தால், முறைப்படி மூடாமல் நின்றது என்று பொருள். 1074 இருந்தால் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு மென்பொருள் மூடியிருக்கிறது; அப்போது பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 41-க்குள் 'பக்செக்' எண் சுழியமாக இருந்தால் நீலத்திரைத் தவறு பதியவில்லை. மின்சாரப் பக்கம் அல்லது சூட்டுப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும்.

சூடு எளிதில் தெரியும். பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். உடனே போட்டால் மறுபடி அணையும், அரைமணி ஆறவிட்டால் ஓடும். தாராவியில் தையல் கார்கானாக்களின் பஞ்சு, கும்பார்வாடா சூளைப் புகை, மாட்டுங்கா பூஜையறையின் ஊதுபத்திப் புகை, எல்லாம் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரிப் படிகின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். எறும்பும் கரப்பானும் உள்ளே குடியிருக்கும்; எங்கள் முனிவர்கள் மயிற்பீலியால் இடம் துடைப்பது போலத் துடைத்தால் அவையும் பிழைக்கும், விசிறியும் பிழைக்கும். பிராசஸர்மேல் தடவிய பசை காய்ந்திருந்தால் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

மின்சாரப் பக்கம்தான் நம்மவர் அதிகம் ஏமாறும் இடம். மும்பையில் மின்வெட்டு அபூர்வம். 2020 அக்டோபர் 12 போன்ற நாளை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே 'கரண்ட்டில் கோளாறு இல்லை' என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கண் சிமிட்டும் நேரத் தொய்வு உண்டு. லிஃப்ட் மோட்டார் எடுக்கும்போதும், பக்கத்துக் கடை ஃப்ரீஸர் எடுக்கும்போதும் விளக்கு லேசாக மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அத்தகைய இடைவெளியைச் சுமார் 17 மில்லி செகண்டு தாங்க வேண்டும். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்டுதான். வயதான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கெபாசிடர் வற்றிப்போய் அந்தத் தாங்கும் நேரம் குறைகிறது. யு.பி.எஸ். இருந்தும் நிற்கிறதே என்றால் இதுதான் விளக்கம்: சாதாரண யு.பி.எஸ். மின்சாரம் போன பிறகு பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்டு ஆகிறது, அதைக்கூடப் பெட்டி தாங்கவில்லை. என் கடைப் பெட்டி சாயங்காலம் மட்டும் நின்றது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டினேன், மூன்று நாள் நிற்கவில்லை. இரவல் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் போட்டுக் கடையில் ஓட்டினேன், அங்கேயும் நிற்கவில்லை. ஆக, லைனில் தொய்வும் வேண்டும், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் பார்க்கலாம், 11.4-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

கெபாசிடருக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1999-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள், தைவானில் செய்த பல கெபாசிடர்களுள் இருந்த திரவம் சரியாகச் சேர்க்கப்படாததால் வாயு உண்டாகி, தலை உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் 2005-ல் இப்படிப் பழுதான கணிப்பொறிகளுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அதன் பிறகு வந்த மதர்போர்டுகள் பலவற்றில் திடநிலைக் கெபாசிடர் வந்துவிட்டது, ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் திரவ வகையே இருக்கிறது. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. தலையில் கீறல் போட்ட பகுதி தட்டையாக இல்லாமல் மேடாக இருந்தாலும், பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலும் சந்தேகமே வேண்டாம். காலையில் நாலைந்து தடவை பட்டனை அழுத்தினால்தான் எழுகிற பெட்டிக்கும் பெரும்பாலும் இதே நோய்.

மெமரியைக் கழற்றித் துடைத்துப் போடுவது, முன்பக்கப் பட்டன் அழுந்தியே நிற்கிறதா என்று பார்ப்பது, சுவர் பிளக்கின் மூன்றாவது முனைக்கு எர்த் உண்டா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்பது, இவை ஐந்து நிமிட வேலைகள்.

எல்லாம் பார்த்தும் போர்டுதான் என்று முடிவானால், லாமிங்டன் ரோட்டில் பழைய போர்டு தேடி அலைவதில் லாபம் இல்லை என்பது என் கருத்து. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதிது கிடைக்கும், அதற்குத் தயங்க வேண்டாம். மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பது முறை. நடப்பில் பல பெட்டிகள் கபாடிவாலா வழியாகத் தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டு போன்ற இடங்களுக்குப் போய்த் துண்டு துண்டாகப் பிரிகின்றன. எங்கே கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். பெரும்பாலும் நாலு திருகுதான்.